சுங்கை சிப்புட் வெயிலில் மல்டி-கன் சாமான்கள்: எதை வாங்கலாம், எதை டவுனில் தைக்கலாம்

பிஸ்டல், ரைஃபிள், ஷாட்கன் என்று மாற்றி மாற்றிச் சுடும் மல்டி-கன் போட்டியின் வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிற ஆள் முதலில் கேட்பது, "எந்த ஷாட்கன் நல்லது?" நம் மலேசியாவில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது லைசென்ஸும் கிளப்பும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் துப்பாக்கி மட்டுமில்லை, அதன் உதிரி பாகமும் ஆயுதக் கணக்கில்தான் வரும். கிளப்பில் இருப்பதை எடுத்துச் சுடுகிறவருக்குத் தேர்வு என்று ஒன்று அதிகம் கிடையாது. ஆனால் பெல்ட், ஹோல்ஸ்டர் (பிஸ்டல் உறை), தோட்டாத் தாங்கி, காதுக்கவசம், கண்ணாடி எல்லாம் முழுக்க உங்கள் விருப்பம். காசு குறைவென்றால் முதல் வெள்ளியை இடுப்பில் போடுங்கள்.

இந்த மதிப்பீடு முழுக்க நம் ஊர்க் கணக்கில் எழுதியது. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், பந்திங் மாதிரி எஸ்டேட் டவுன்களில் காலையில் செம்பனைக்கு நடுவே பனி, பத்து மணிக்கு மேல் நெருப்பு வெயில், நாலு மணிக்கு மழை. குளிர் நாட்டுக்காரர் எழுதும் மதிப்பீட்டில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய சாமான் இங்கே ஆறு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும், துரு பிடிக்கும், இல்லையென்றால் காடிக்குள் (காருக்குள்) வளைந்து போகும். எது தாங்குகிறது, எது தாங்கவில்லை, எதற்கு இறக்குமதி வேண்டும், எதை டவுனில் லாரி சீட்டு தைக்கும் கடையிலேயே முடிக்கலாம் என்பதைப் பார்ப்போம்.

பெல்ட்டிலிருந்து தொடங்கலாம். போட்டிக்காரர் கட்டுவது இரட்டை பெல்ட். உள் பெல்ட் கால்சட்டை வளையங்களுக்குள் போகும். அதன் வெளிப்பக்கம் வெல்குரோவின் மெத்தென்ற பக்கம். சாமான் எல்லாம் தொங்கும் வெளி பெல்ட்டின் உள்பக்கத்தில் முள் பக்கம். இரண்டும் ஒட்டிக்கொண்டால் ஓடினாலும் குனிந்தாலும் இடுப்பிலிருந்து நகராது. அகலம் 38 மி.மீ., அதாவது ஒன்றரை அங்குலம். ஹோல்ஸ்டர், மேகசின் பை, தாங்கி எல்லாவற்றின் கொக்கியும் இந்த அகலத்துக்குத்தான் செய்யப்படுகிறது. டபுள் ஆல்ஃபா, சி.ஆர். ஸ்பீடு என்ற இரண்டு கம்பெனியின் பெல்ட்டும் நல்லவை. உள்ளே கடினமான பிளாஸ்டிக் பட்டை இருப்பதால் எடை ஏறினாலும் தொங்குவதில்லை. இரண்டுக்கும் நம் ஊரில் ஒரே குறை வெல்குரோதான். வியர்வை உப்பும் துணி நூலும் சேர்ந்து முள் பக்கத்தை அடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் கழற்றியதும் பழைய பல்துலக்கும் பிரஷால் குறுக்கே தேய்த்து எடுங்கள், மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பிடி விட்டுப்போச்சு என்று தூக்கிப்போடும் பெல்ட்டில் பாதிக்கு மேல் இப்படி அடைத்துக்கொண்டவைதான்.

அளவு எடுப்பதில்தான் காசு வீணாகிறது. கால்சட்டை 34 என்றால் பெல்ட்டும் 34 என்று ஆர்டர் போடக்கூடாது. ரேஞ்சுக்குப் போடும் கால்சட்டையைப் போட்டு, உள் பெல்ட்டைக் கட்டி, அதன் மேலேயே டேப் வைத்து அளக்க வேண்டும். பெரும்பாலும் 4, 5 செ.மீ. கூடுதலாக வரும். வெளி பெல்ட் முழுக்க வெல்குரோ என்பதால் முன்னால் இரண்டு முனையும் தொட வேண்டியதில்லை, 5 செ.மீ. இடைவெளி விட்டாலும் பிடிக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால்தான் தொல்லை. குனியும்போது மேல் முனை நிமிர்ந்து வயிற்றில் குத்தும்.

வாங்கும் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் டவுனில் தைக்கலாம். மோட்டார் சீட்டு, லாரி சீட்டு தைக்கும் கடைகளில் இருக்கும் மெஷின், சட்டை தைக்கிற மெஷின் மாதிரி இல்லை. மேல் பாதமும் துணியோடு சேர்ந்து நடக்கும். அதனால் தடித்த நாடா இரண்டு அடுக்கு வைத்தாலும் வழுக்காமல் போகும். நூல் பாண்டட் நைலான் 69 நம்பர், ஊசி 18. அங்குலத்துக்கு ஆறு தையல் போதும். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைத்துப் பத்து, பன்னிரண்டு போடச் சொல்லாதீர்கள். ஊசித் துளையே வரிசையாக நின்று நாடாவைக் கிழிக்கும்.

கடைக்காரர் முதலில் காட்டுவது காடியின் சீட் பெல்ட் நாடா. வேண்டாம். 48 மி.மீ. அகலம், மெல்லிசு, பக்கவாட்டில் மடங்கும். அடுத்து லாரியில் சரக்குக் கட்டும் 50 மி.மீ. நாடாவை எடுப்பார். அது விறைப்புத்தான், ஆனால் 38 மி.மீ. கொக்கிக்குள் நுழையாது. 38 மி.மீ. தடித்த நைலான் நாடா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பை தைக்கும் சாமான் விற்கும் கடையில் வாங்கிக்கொண்டு போங்கள். வெல்குரோவும் பின்னால் பசை இல்லாத, தைக்கும் ரகமாக இருக்க வேண்டும். பசை ரகத்தை மெஷினில் ஓட்டினால் ஊசியில் பிசின் ஏறி நூல் அறுந்துகொண்டே இருக்கும், கடைக்காரர் உங்களைத் திட்டுவார், நியாயம்தான்.

விறைப்புக்கு உள்ளே வைக்கும் பட்டையை நீல நிற பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். 2 மி.மீ. அளவு தடிமன் உள்ள இடமாகப் பார்த்து, டிரம்மின் வளைவு இடுப்பு வளைவோடு போகிற மாதிரி குறுக்காக வெட்டினால் பாதி வேலை முடிந்தது. களைக்கொல்லி வைத்திருந்த டிரம்மை மட்டும் தொடாதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை என்றாலும் எஸ்டேட் கொட்டகையில் கிடக்கும் பழைய டிரம்மில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, அதை வியர்வையோடு இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓட வேண்டாம். தண்ணீர் பிடித்த டிரம் போதும்.

தையலின் வரிசை முக்கியம். பலரும் இரண்டு நாடாவையும் பட்டையையும் அடுக்கி ஒரேயடியாகத் தைத்துவிடச் சொல்வார்கள். பிளாஸ்டிக்கில் ஊசி இறங்கினால் சூடாகித் தையல் தாண்டும், சில மாதத்தில் துளையிலிருந்தே பிளாஸ்டிக் பிளக்கும். சரியான முறை: முதலில் உள் நாடாவில் மட்டும் முள் வெல்குரோவை நாலு ஓரமும் தைக்க வேண்டும். அதற்கப்புறம் வெளி நாடாவை அதன் முதுகில் வைத்து, ஓரத்திலிருந்து 3 மி.மீ. விட்டு, மேலும் கீழும் இரண்டே வரி. நடுவில் 32 மி.மீ. குழாய் மாதிரி ஒரு பை வரும். அதில் 29 மி.மீ. அகலத்துக்கு வெட்டி முனையை உருட்டி ராவிய பட்டையைச் செருகி, கடைசியில் இரண்டு முனையையும் சதுரமாகத் தைத்து, அதற்குள் குறுக்குக்கோடு போட்டு மூட வேண்டும். பட்டை இரு பக்கமும் 3 செ.மீ. குறைவாக இருக்கட்டும், மூடும் தையல் அதில் படக்கூடாது. வெல்குரோவைக் கடைசியில் தைத்தால் அந்தத் தையல் பையையே மூடிவிடும், பட்டை உள்ளே போகாது. இந்த ஒரு தவற்றால்தான் ஊரில் தைத்த பெல்ட் பெரும்பாலும் பழங்கயிறு மாதிரித் தொங்குகிறது.

"அண்ணே, நடுவுல பை மாதிரி விட்டுட்டு ஓரம் மட்டும் அடிங்க" என்றால், "தச்சுட்டா ஆடாதே தம்பி, எதுக்கு சும்மா விடுற?" என்றுதான் கேட்பார். சீட்டு தைக்கிறவருக்குச் சும்மா விட்ட இடம் எல்லாம் குறைதான். பட்டையைக் கையோடு கொண்டுபோய், செருகி, மடக்கிக் காட்டுங்கள். புரிந்துகொண்டால் அடுத்த பெல்ட்டை அவரே திருத்தித் தைப்பார். இந்த வேலையில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை. எதற்கென்று தெரிந்தால் போதும்.

இப்படித் தைத்த பெல்ட்டுக்கு இறக்குமதி பெல்ட்டின் முக்கால்வாசித் தரம் வரும். குறைகிற கால்வாசி, ஓரத்தின் நேர்த்தி. நாடா முனையைச் சூட்டுக்கத்தியால் வெட்டிய இடத்தில் கட்டி நிற்கும். மணல் தாளால் தேய்க்காவிட்டால் சட்டையை இழுக்கும்.

ஹோல்ஸ்டருக்கு வருவோம். இதை ஊரில் செய்யாதீர்கள், வாங்குங்கள். பிஸ்டல் மட்டும் போட்டியில் பலர் கட்டுவது விசைக் காவலை மட்டும் பிடித்துக்கொள்ளும் ரேஸ் ஹோல்ஸ்டர். கோஸ்ட், டபுள் ஆல்ஃபா இரண்டும் செய்கின்றன. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மல்டி-கன்னுக்கு அது சரிப்படாது. ஷாட்கன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, மண்டியிட்டு, தடுப்புக்குக் கீழே நுழையும்போது பூட்டுக் கட்டையைத் திருப்ப மறந்தால் பிஸ்டல் கீழே விழும். குண்டு இருந்ததோ இல்லையோ, ஓட்டத்தின் நடுவில் துப்பாக்கி விழுந்தால் ஐ.பி.எஸ்.சி. (இந்தப் போட்டிகளின் உலகக் கூட்டமைப்பு) விதிப்படி அன்றைய போட்டியே முடிந்தது. அதற்குப் பதில் சஃபாரிலேண்ட் கம்பெனியின் ஏ.எல்.எஸ். ரகம். பிஸ்டலைச் செருகியதும் தானே பூட்டும், எடுக்கும்போது கட்டைவிரல் ஒரு பொத்தானைத் தள்ள வேண்டும். உருவும்போது ஒரு நொடியின் சின்னத் துண்டு கூடப் போகும், ஆனால் அதை மல்டி-கன்னின் ஒரு கட்டத்தில் (ஸ்டேஜில்) யாரும் பார்க்கப்போவதில்லை. ஷாட்கன் நிரப்புவதில் போகிற நேரத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. செம்மண் சேறு உள்ளே போனால் பூட்டு சுணங்கும். குழாய்த் தண்ணீரில் அலசி உதறிக் காயவைத்தால் போதும், எண்ணெய் விடாதீர்கள், மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கைடெக்ஸ் என்ற கடின பிளாஸ்டிக்கில் செய்த ஹோல்ஸ்டரை வெயிலில் நிற்கும் காடியின் டேஷ்போர்டில் விடக்கூடாது. மூடிய காடியில் அந்த இடம் 70 டிகிரி தாண்டும், மேலே ஏதாவது எடை இருந்தால் வாய் வளைந்துவிடும். சுங்கை சிப்புட்டிலிருந்து சுபாங் ரேஞ்சு வரை இருநூறு கிலோமீட்டருக்கு மேல், நடுவில் சாப்பிட நிறுத்தினால் அவ்வளவு நேரம் போதும். தோல் ஹோல்ஸ்டர் அழகுதான், நம் ஈரத்தில் வெள்ளைப் பூஞ்சை படிய ஒரு மழைக்காலம் போதும். அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஹோல்ஸ்டர் திருகு ஓட ஓடக் கழன்றுகொண்டே இருக்கும். நீல நிறத் திரெட்லாக் (திருகு மரைக்குப் போடும் பசை) ஒரு சொட்டு போடலாம், சிவப்பு வேண்டாம், பிறகு கழற்ற முடியாது. ஆனால் சொட்டு திருகின் உலோக மரையில் மட்டும் இருக்கட்டும். வழிந்து பிளாஸ்டிக்கில் பட்டால் சில ரகம் நாள்பட முடி மாதிரி வெடிக்கும். முறுக்கிய பிறகு திருகுத் தலையிலிருந்து பிளாஸ்டிக் வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும்.

இப்போது தோட்டாத் தாங்கி. மல்டி-கன்னில் வெற்றி தோல்வி நிற்கிற இடம் இதுதான். பிஸ்டலுக்கு மேகசின் மாற்றினால் முடிந்தது. குழாய் மேகசின் ஷாட்கன்னுக்கு ஒவ்வொரு தோட்டாவாகக் கீழிருந்து தள்ள வேண்டும். அதனால்தான் இரட்டை, நாலு என்று அள்ளித் தள்ளும் முறை வந்தது. இரட்டை முறையில் இரண்டு தோட்டா ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் கையில் வரும். கட்டைவிரல் ஒரே தள்ளில் இரண்டையும் உள்ளே அனுப்பும். நாலு முறையில் அப்படி இரண்டு ஜோடி பக்கம் பக்கமாக. புதியவர் நேரே நாலுக்குப் போவது காசுக்கும் விரலுக்கும் கேடு. சின்னக் கை உள்ளவருக்கு நாலு தோட்டா உள்ளங்கையில் நிற்காது, இரண்டாவது ஜோடி தரையில் கிடக்கும். இரட்டைத் தாங்கியில் கை பழகட்டும்.

எடையை யாரும் முதலில் கணக்கில் எடுப்பதில்லை. 28 கிராம் ரவை (சின்ன ஈயக் குண்டுகள்) போட்ட, 12 போர் என்ற குழல் அளவுக்கான ஷாட்கன் தோட்டா ஒன்று கிட்டத்தட்ட 45 கிராம். இருபத்துநாலு தோட்டா ஒரு கிலோவைத் தாண்டும், அதுவும் இடது முன்பக்கத்தில் மட்டும். விறைப்பில்லாத பெல்ட்டில் தாங்கி முன்னால் சாய்ந்து, கை எப்போதும் தோட்டாவின் நடுவைப் பிடிக்காமல் நுனியைப் பிடிக்கும். தாங்கி மோசம் என்று மாற்றுகிறார்கள். பிரச்சனை பெல்ட்டில்.

தாங்கியில் இரண்டு ரகப் பிடி உண்டு. ஸ்பிரிங் எஃகுக் கிளிப் நன்றாகப் பிடிக்கும், ஆனால் நம் ஊரில் முதலில் துருப்பிடிப்பது அதுதான். துரு ஏறிய கிளிப் தோட்டாவின் பிளாஸ்டிக் உடலைச் சுரண்டும், சுரண்டிய தோட்டா குழாய்க்குள் இழுக்கும். பிளாஸ்டிக் கிளிப்புக்குத் துரு இல்லை, ஆனால் தோட்டாவை மாட்டியபடியே வாரக்கணக்கில் வைத்தால் பிடி தளர்ந்துவிடும். காலியாகத்தான் வைக்க வேண்டும். இந்தக் காரணம் இல்லாவிட்டாலும் காலியாக வைக்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது, கடைசியில் வருகிறது. எங்கள் தேர்வு பிளாஸ்டிக் கிளிப்.

தாங்கி சரியா என்று பார்க்கத் தோட்டாவை வீட்டுக்கோ தையல்கடைக்கோ கொண்டுபோக முடியாது. ரப்பர் மரத்தில் அளவுக் கட்டை செய்துகொள்ளுங்கள். நாற்காலி, மேசை செய்யும் பட்டறையில் 20 மி.மீ. உருளைக் கட்டை கிடைக்கும். நீளம் 58 மி.மீ., மடித்து மூடிய 70 மி.மீ. தோட்டாவின் உண்மையான நீளம் ஏறக்குறைய அதுதான். பெட்டியில் 70 என்று போட்டிருப்பது சுட்டு விரிந்த பிறகு வரும் நீளம், அதை நம்பி வெட்டினால் எல்லாம் தப்பாகிவிடும். அடி விளிம்புக்கு எம்12 வாஷரை வாங்கி, 24 மி.மீ. இருக்கும் அதன் வட்டத்தை இருபத்திரண்டரைக்கு ராவி, எபாக்சியில் ஒட்டுங்கள். எடைக்கு மறுமுனையில் 12 மி.மீ. துளை, 25 மி.மீ. ஆழம், மீன்பிடி ஈயம் 30 கிராம் இறுக்கி அடைத்து மூடினால் கையில் தோட்டா மாதிரியே இருக்கும். எட்டுக் கட்டை இருந்தால் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கடை முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில் ஓடிப்பார்க்கலாம், குனிந்து பார்க்கலாம், கை எங்கே போகிறது என்று பார்க்கலாம்.

கட்டையை மரமாகவே விடுங்கள். சிவப்புப் பெயிண்டும் பித்தளைக் கலரும் அடித்து அழகு பார்க்க வேண்டாம், சாலைத் தடுப்பில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும். போட்டிக்கும் கொண்டுபோகாதீர்கள்; குண்டில்லாத துப்பாக்கியை மட்டும் எடுத்துப் பார்க்கிற பாதுகாப்பு மேசையில் பயிற்சித் தோட்டாவைக் கையில் எடுத்தாலே ஐ.பி.எஸ்.சி. விதிப்படி வெளியே அனுப்புவார்கள். அதேபோல் வீட்டில் உருவிப் பழகப் பொம்மைத் துப்பாக்கி வாங்கலாம் என்ற நினைப்பையும் விடுங்கள். ஏர்சாஃப்ட் உட்பட அசல் மாதிரித் தெரியும் எதுவும் நம் ஆயுதச் சட்டத்தில் போலித் துப்பாக்கி. வெளிநாட்டு வீடியோவில் அவர்கள் வரவேற்பறையில் செய்வதை நாம் செய்ய முடியாது. கட்டையும் பெல்ட்டும்தான் நமக்கு வீட்டுப் பயிற்சி.

மேகசின் பை, ரைஃபிள் பை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டத்துக்குக் கட்டம் சாமான் மாறுவதால், சஃபாரிலேண்டின் ஈ.எல்.எஸ். தட்டுகளைப் பெல்ட்டில் நிரந்தரமாகப் பொருத்தி, அதில் மாட்டும் முள்கரண்டி மாதிரிக் கொக்கியுள்ள பைகளை மாற்றி மாற்றிச் செருகுவது வசதி. பிஸ்டல் பையை ஐ.பி.எஸ்.சி.யின் புரொடக்ஷன் பிரிவுக்கும் (அதிகம் மாற்றாத பிஸ்டலுக்கான பிரிவு) பயன்படுத்துவதென்றால் அது இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும், பெல்ட்டின் உள்பக்கத்திலிருந்து 50 மி.மீ.க்கு மேல் தள்ளி நிற்கக்கூடாது. வாங்கும் முன் அளந்து பாருங்கள், வெளியே தள்ளி நிற்கும் பைகள் நிறைய விற்கின்றன.

காதுக்கவசத்தில் ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட்டைத் தாராளமாகச் சொல்லலாம். கிண்ணம் மெல்லிசு, ஷாட்கன்னின் பின்கட்டையில் கன்னம் வைக்கும்போது இடிக்காது. சத்தம் 82 டெசிபெல்லைத் தாண்டினால் பெருக்குவதை நிறுத்திக்கொள்ளும். அதற்குக் கீழே "லோட் அண்ட் மேக் ரெடி" (குண்டு நிரப்பித் தயாராகு) என்ற அதிகாரியின் கட்டளை தெளிவாகக் கேட்கும். இரண்டு ஏ.ஏ.ஏ. பேட்டரி, மறந்து விட்டாலும் 4 மணி நேரத்தில் தானே அணையும். ஆனால் அதன் தடுப்பு அளவு 22 டெசிபெல்தான். 12 போர் சத்தம் உச்சத்தில் 150 டெசிபெல்லுக்கு மேல். தகரக் கூரை போட்ட ரேஞ்சில் அதே சத்தம் மேலிருந்தும் திரும்பி வரும். ஆகவே உள்ளே நுரைச் செருகியும் போடுங்கள். இரண்டும் சேர்ந்தால் கூட்டுத்தொகை கிடைக்காது, இரண்டில் பெரியதற்கு மேல் சுமார் 5 டெசிபெல் கூடும், அவ்வளவுதான். அதுவும் தேவை. செருகியைப் போட்டுக்கொண்டு கவசத்தின் ஒலியைக் கூட்டிவைத்தால் கட்டளை கேட்கும்.

இந்தக் கவசத்துக்கு நம் ஊரில் எதிரி பேட்டரிக் குழி. வியர்வை ஈரம் உள்ளே இறங்கித் தொடுமுனையில் பச்சை படியும். பயன்படுத்திய அன்றே பேட்டரியைக் கழற்றுங்கள். காதைச் சுற்றிய மெத்தையின் தோல் உரியத் தொடங்கினால் கவசம் போச்சு என்று நினைக்காதீர்கள், மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்கும். ஜெல் மெத்தை மாற்றினால் மூக்குக்கண்ணாடிக் காம்பு இடுக்கில் சத்தம் கசிவதும் குறையும். விலையைப் பார்த்தால் 3எம் பெல்ட்டர் மேலே, தடுப்பும் கூடுதல், ஆனால் கிண்ணம் பருமன். சிலருக்குக் கட்டையில் இடிக்கிறது. போட்டுப் பார்த்து வாங்க வேண்டிய சாமான்.

கண்ணாடிக்கு ஏ.என்.எஸ்.ஐ. இசட்87.1 என்ற குறி பொறித்திருந்தால் ஹார்டுவேர் கடைக் கண்ணாடியே போதும். காடியின் ஏர்கோனிலிருந்து இறங்கியதும் பனி பிடிப்பது மட்டும் தொல்லை. பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டைத் தடவி உலர்த்தித் துடைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்து முன்பே வெளி வெப்பத்துக்குக் கொண்டுவருவது அதைவிட நல்லது.

ஷாட்கன்னைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு வாய்ப்பு இருந்தால் ஒரு வார்த்தை. பெனெல்லி எம்2 பின்னுதைப்பின் விசையில் இயங்குவது. உள்ளே புகை அதிகம் படியாது, கழுவுவது சுலபம், நம் ஈரத்தில் அது பெரிய லாபம். ஆனால் துப்பாக்கியின் எடையைக் கூட்டினாலும், தோளில் தளர்வாகப் பிடித்தாலும், 24 கிராம் மாதிரி லேசான தோட்டா போட்டாலும் சுழற்சி பாதியில் நிற்கலாம். பெல்ட்டில் இருந்த எடை போதாதென்று குழாயை நீட்டி விளக்கையும் மாட்டிவிட்டு, துப்பாக்கி சரியில்லை என்பார்கள். வாயுவில் இயங்கும் மோஸ்பெர்க் 940 ஜே.எம். புரோ 2020இல் வந்தது. அமெரிக்கப் போட்டி வீரர் ஜெர்ரி மிக்குலெக்கோடு சேர்ந்து போட்டிக்கென்றே செய்த துப்பாக்கி, 24 அங்குலக் குழல், நிரப்பும் வாய் தொழிற்சாலையிலேயே அகலமாக வரும். 1,500 தோட்டா வரை கழுவாமல் ஓடும் என்பது கம்பெனி சொல்வது. இங்கே அதை மறந்துவிடுங்கள். சுட்ட புகைக்கரி ஈரத்தை இழுத்து இரவோடு இரவாகப் பிஸ்டனில் துருப்பொட்டு வைக்கும். சுட்ட அன்றே துடைக்க வேண்டும். கிளப் துப்பாக்கி என்றால், பல பேர் பல தோட்டாவைப் போடுவதால், வாயு ரகம்தான் பொறுமையாக ஓடும் என்பது எங்கள் கணிப்பு.

நிரப்பும் வாயின் ஓரம் கட்டைவிரலை அறுக்கிறது என்று வீட்டில் அரத்தை எடுக்காதீர்கள். துப்பாக்கியைத் திருத்துவதற்கும் இங்கே லைசென்ஸ் வேண்டும். உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்குத்தான் போக வேண்டும். இணையக் கடையில் வெளிநாட்டிலிருந்து சோக் (ரவை பரவுவதைக் குறைக்கக் குழல் வாயில் முறுக்கும் சின்னக் குழாய்), மேகசின் நீட்டுக்குழாய் என்று பாகங்களை ஆர்டர் செய்வதும் அதே வம்பு. பெல்ட், பை, கவசம் வரை நிறுத்திக்கொள்ளுங்கள்.

சோக் விஷயத்தில், தட்டுகள் 10, 15 மீட்டரில் நிற்கும் சாதாரணக் கட்டத்துக்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர் என்ற லேசான சோக் போதும். யார் சொன்னதையும் நம்ப வேண்டாம். உங்கள் துப்பாக்கி, உங்கள் தோட்டா, 10, 15, 20 மீட்டரில் பெரிய தாளில் ஒவ்வொரு சுடு. தாளின் நடுவில் 20 செ.மீ. வட்டம் போட்டு உள்ளே விழுந்த ரவையை எண்ணுங்கள். எந்தத் தூரத்தில் வட்டத்துக்குள் ரவை படாத வெற்றிடம் தெரியத் தொடங்குகிறதோ அங்கே ஒரு படி இறுக்கமான சோக் போடலாம். மரையில் கொஞ்சம் கிரீஸ் இல்லாமல் சோக்கை முறுக்கினால் ஒரு மழைக்காலத்தில் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். கட்டத்துக்குக் கட்டம் அது இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், தளர்ந்த சோக்கின் உள்விளிம்பில் ரவை மோதினால் குழல் வாயே வீங்கும்.

துப்பாக்கி எங்கே பூட்டியிருக்க வேண்டும் என்பதை லைசென்ஸ் நிபந்தனை சொல்லும். எங்கே பூட்டினாலும் நுரை வைத்த பெட்டிக்குள் படுக்க வைக்காதீர்கள். நுரை ஈரத்தைக் குடித்து உலோகத்தோடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டி பயணத்துக்கு மட்டும். அலமாரிக்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் அரைக் கிலோ. நிறம் மாறியதும் அடுப்புப்பெட்டியில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வாட்டினால் திரும்பப் பயன்படும்.

காலுக்கு விலை உயர்ந்த ஷூ வேண்டியதில்லை. மழை பெய்த செம்மண்ணில் அடிடாஸ் கம்போங் என்று நாம் சொல்கிற கறுப்பு ரப்பர் ஷூவின் பிடிக்கு ஈடு கிடையாது. பால் வெட்டுகிறவரும் மலையேறுகிறவரும் சும்மா அதைப் போடவில்லை. உள்ளே மெத்தை கிடையாது, தடித்த காலுறை இரண்டு போடுங்கள். பலகை மேடை ஈரமாக இருந்தால் மட்டும் வழுக்கும்.

ரேஞ்சிலிருந்து கிளம்பும் முன் பெல்ட்டைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். ஒவ்வொரு தாங்கிக்குள்ளும், மேகசின் பையின் அடியிலும், கால்சட்டையின் எல்லாப் பையிலும் விரலை விட்டுப் பாருங்கள். மேகசினைக் காலி செய்யும்போது தெறித்து விழும் ஒற்றைக் குண்டு எப்போதும் பையின் அடி மூலையில்தான் போய் உட்காரும், உதறினாலும் வராது. உரிமத்துக்கு வெளியே ஒரே ஒரு தோட்டா கையிலிருந்தாலும் நம் சட்டத்தில் குற்றம்தான். தைக்கும்போதே பையின் அடியில் 10 மி.மீ. வட்டக் கண்ணி ஒன்று அடிக்கச் சொன்னால் உள்ளே கிடப்பது கீழிருந்து பார்த்தாலே தெரியும். மழைத் தண்ணீரும் வடியும். சீட்டுக் கடையில் தார்ப்பாயில் கண்ணி அடிக்கும் அதே கருவிதான், ஒரு நிமிட வேலை.